கப்பலேறும் முகங்கள்

தெஹ்ரானின் எங்கெலாப் தெருவில், நடைபாதை ஓரம், ஒரு தொலைபேசி இணைப்புப் பெட்டி. 2017 டிசம்பர் 27 அன்று விதா மொவஹெத் என்ற 31 வயதுப் பெண் அதன்மேல் ஏறி நின்றார். தலையிலிருந்த வெள்ளை முக்காட்டை அவிழ்த்து ஒரு குச்சியில் கட்டினார். கொடியில் துணி காயப்போடுகிறவரின் நிதானத்தோடு அதை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார். கோஷம் இல்லை. கீழே ஆட்கள் தங்கள் பாட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது.

மறுநாள் மஷாத் நகரில் விலைவாசியையும் வேலையின்மையையும் எதிர்த்து வேறொரு போராட்டம் கிளம்பி நாடெங்கும் பரவியது. அதற்கும் விதாவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் முட்டை விலையைப் படம் பிடிப்பது கடினம். குச்சியில் ஆடும் வெள்ளைத் துணி கண்ணில் நிற்கும். வெளிநாடுகளில் விலைவாசிப் போராட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலரும் விதாவின் படத்தையே எடுத்துப் போட்டார்கள். ஈரானியப் பெண்கள் ‘அந்தப் பெண் எங்கே?’ என்று இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, அவரது உருவம் கறுப்புக் கோட்டோவியமாகிச் சுவரொட்டிகளில் ஏறியிருந்தது.

படத்தைச் சரியாகப் படித்தவர்கள் அதிகாரிகள்தான். விதாவைப் பார்த்து மற்றப் பெண்களும் அப்படிப்பட்ட பெட்டிகளில் ஏறத் தொடங்கியதும், சிலவற்றின்மேல் கூரை மாதிரிச் சரிவான தகட்டைப் பற்றவைத்துவிட்டார்கள், கால் ஊன்ற முடியாதபடி. ‘இன்ன தெருவில், இன்ன இடத்தில், யாரும் இதைச் செய்யலாம்’ என்று அந்தப் படம் சொன்னது அவர்களுக்குப் புரிந்திருந்தது. வெளியே இருந்தவர்களுக்குப் புரிந்தது ‘ஈரானியப் பெண்’ என்ற சொல் மட்டும்.

போராடும் பெண்களின் படங்கள் எல்லை தாண்டும்போது என்ன ஆகின்றன என்ற கேள்விக்கு, ‘மேற்குலகின் பார்வை’ என்ற ஒற்றைச் சொல்லால் பதில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. நான் சில ஆண்டுகள் ஒரு நாளிதழின் சர்வதேசப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். ராத்திரி ஷிப்ட். ஏஜென்சிப் படங்கள் வரிசையாக வந்து விழும். பக்கத்தில் படத்துக்கு இரண்டு பத்தி இடம் இருக்கும், சில நாள் மூன்று. கூட்டமாக இருக்கும் படத்தைப் போட்டால் அச்சில் தலைகள் மிளகு மிளகாகத் தெரியும். ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் பளிச்சென்று நிற்கும். அப்படிக் கிராப் பண்ணும்போது முதலில் போவது கையில் இருக்கும் அட்டை. அது தலைக்கு மேலே இருக்கும், நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கும், இடத்தை அடைக்கும். ஏஜென்சி அனுப்பிய நாலைந்து வரிப் படக்குறிப்பு ஒரு வரியாகச் சுருங்கும்: ‘கெய்ரோவில் போராட்டத்தில் ஈடுபட்ட பெண்.’ எதற்காகப் போராடினார் என்பது செய்தியில் இருக்கும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். பல நாள் செய்தியே இருக்காது. இதில் சதி ஒன்றும் இல்லை. பத்தரைக்குப் பக்கம் போயாக வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் முகம் கப்பலேறிவிடும், முழக்கம் துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

சூடானின் அலா சலாவைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 8, கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்தின் முன் மறியல் தொடங்கி மூன்றாம் நாள். 22 வயது மாணவி. சேலைபோல் சுற்றும் வெள்ளைத் தோப் உடுத்தி, காதில் பெரிய தங்கத் தோடு மின்ன, கார் மேல் நின்று ஒற்றை விரலை வானத்துக்கு உயர்த்துகிறார். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கைகளில் செல்பேசி. லானா ஹரூன் என்ற பெண் தன் செல்பேசியில் எடுத்த படம் அன்றிரவே உலகைச் சுற்றியது. தொழில்முறைப் படக்காரர் அல்ல அவர், மறியலுக்கு வந்தவர்களில் ஒருவர். மூன்றே நாளில், ஏப்ரல் 11 அன்று, ஒமர் அல் பஷீரின் 30 ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது. பொருத்தம் கச்சிதமாக அமைந்துவிட்டது. அமெரிக்கர்கள் அந்தப் பெண்ணில் தங்கள் சுதந்திர தேவி சிலையைக் கண்டார்கள்.

சூடானியர்கள் கண்டது வேறு. வெள்ளைப் பருத்தித் தோப் அங்கே ஆசிரியைகளும் அலுவலகம் போகும் பெண்களும் உடுத்துவது. பாட்டிமார் காலத்தில் தெருவுக்கு வந்து போராடிய பெண்களின் நினைவு அதில் இருக்கிறது. தோடு கல்யாண நகை வகை. அவரைக் ‘கண்டாக்கா’ என்று கூப்பிட்டார்கள். பழைய குஷ் நாட்டு அரசிகளின் பட்டம் அது, அந்தப் போராட்டத்தில் பெண்கள் எல்லோருக்குமே வழங்கிய பெயர். அதிலும் அங்கே ஒரு தகராறு இருந்தது. நைல் கரை வடக்கத்தியரின் பெருமையைத் தார்ஃபூர் பெண்ணின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மறியலுக்குத் தோள்கொடுத்தவர்களில் தெருவோரம் தேநீர் விற்கும் பெண்களும் உண்டு. பொது ஒழுங்குச் சட்டம் என்ற பெயரில் போலீஸ் ஆண்டுக்கணக்காக விரட்டியதும், சாமான்களைப் பிடுங்கியதும் அவர்களைத்தான். 2019 நவம்பரில் அந்தச் சட்டத்தை ஒழித்தது அந்தப் பெண்களைப் பொறுத்தமட்டில் பஷீர் போனதைவிடப் பெரிய சேதியாக இருந்திருக்கும். கெட்டிலும் கரியடுப்புமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படம் எந்த இதழின் அட்டைக்கும் போகவில்லை.

இன்னொன்று, எந்தப் படத்திலும் வரவே முடியாதது. சூடானின் அந்தப் போராட்டத்தில் ஊர்வலம் புறப்படும் அடையாளம் பெண்கள் போட்ட குலவை. மதியம் ஒரு மணிக்கு எங்கிருந்தோ ஒரு குலவை எழும், உடனே சந்துகளிலிருந்து ஆட்கள் வெளிவருவார்கள். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் குலவை கேட்டவர்களுக்கு அந்த நொடி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

அதே ஆண்டு அக்டோபரில் அலா சலாவை ஐ.நா. பாதுகாப்பு அவைக்குப் பேச அழைத்தார்கள். போராட்டத்தில் முன்னால் நின்ற பெண்களை ஆட்சியமைப்புப் பேச்சில் ஓரங்கட்டிவிட்டதைத்தான் அங்கே அவர் எடுத்துச் சொன்னார். பஷீருக்குப் பின் அமைந்த இறையாண்மை அவையின் 11 உறுப்பினர்களில் பெண்கள் இருவர்தான். படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பேச்சைக் கேட்டார்கள்? 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டு லட்சக்கணக்கான பெண்கள் அகதிகளானபோது உலகுக்கு அனுப்ப அப்படி ஒரு படம் கிடைக்கவில்லை. கவனமும் கிடைக்கவில்லை.

வெளியார் கண் ஏன் உடனே துணியையும் முடியையும் தேடிப் போகிறது? இதற்கு ஒரு நீண்ட பழக்கம் இருக்கிறது. 1958 மே மாதம் அல்ஜியர்ஸில் பிரெஞ்சுக்காரர்கள் மேடை போட்டு அல்ஜீரியப் பெண்களின் முக்காட்டைக் களையும் சடங்குகளை நடத்தினார்கள். 1960இல் மார்க் கராஞ்சே என்ற பிரெஞ்சு ராணுவப் படக்காரர், அடையாள அட்டைக்காக, கிராமத்துப் பெண்களை முக்காடு எடுக்கச் சொல்லிச் சுமார் 2,000 பேரைப் படம் எடுத்தார். அந்த முகங்களைப் பார்த்தால் தெரியும்: கேமராவை முறைத்தே கொன்றுவிடுவது போன்ற கண்கள். பதாகை இல்லாத போராட்டப் படங்கள் என்றுதான் அவற்றைச் சொல்வேன். 2001 நவம்பரில் ஆப்கன் போரை நியாயப்படுத்த அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் ஆப்கன் பெண்களைப் பற்றிப் பேசினார். முஸ்லிம் பெண்களை உண்மையிலேயே யாராவது போய் மீட்க வேண்டுமா என்று மானிடவியலாளர் லைலா அபு லுகோத் எழுதிய கட்டுரை மறு ஆண்டு வந்தது. 2017இல் ஆப்கானிஸ்தானுக்கு மேலும் படை அனுப்ப அதிபர் டிரம்ப் தயங்கியபோது, 1972இல் காபூல் தெருவில் குட்டைப் பாவாடையோடு நடந்த பெண்களின் படத்தை ஆலோசகர் ஒருவர் காட்டியதாகச் செய்தி வந்தது. பெண் படத்தைக் காட்டிப் படை கேட்பது அன்றும் இன்றும் மாறவில்லை.

ஈரானிலேயே 1979 மார்ச் 8 மகளிர் தினத்தன்று, கட்டாய முக்காட்டை எதிர்த்துப் பல்லாயிரம் பெண்கள் தெஹ்ரானில் ஊர்வலம் போனார்கள். ஹெங்காமே கோலெஸ்தான் என்ற இளம் பெண் அவர்களோடு நடந்து படம் எடுத்தார். அந்தப் படங்கள் பல பத்தாண்டுகள் கழித்து, 2015இல், லண்டனில் கண்காட்சியாக வந்தன. அமெரிக்கப் பெண்ணியர் கேட் மில்லெட் அந்த நாட்களில் தெஹ்ரானில் இருந்தார். அவரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். போராட்டமே வெளிநாட்டாரின் தூண்டுதல் என்று சொல்ல ஆட்சியாளர்களுக்கு வசதியாகிப்போனது. இன்று அந்தப் படங்களைப் பகிர்கிறவர்கள் ‘முக்காடில்லாத பழைய ஈரான்’ என்று தலைப்பிடுகிறார்கள். அந்தப் பெண்களில் பலர் புரட்சியில் மன்னர் ஷாவையும் எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள். மன்னரின் தகப்பனார் 1936இல் போலீஸை விட்டு முக்காட்டைப் பிடுங்கவைத்தவர். அவர்கள் சண்டை ‘கட்டாயம்’ என்ற சொல்லோடு. படக்குறிப்பில் அந்தச் சொல் உதிர்ந்துபோனால், மிஞ்சுவது துணி.

அது உதிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாமே சாட்சி, ஏனென்றால் ஈரானுக்கு நாமும் வெளிநாடுதான். 2022 செப்டம்பர் 16 அன்று, முக்காடு சரியில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி என்ற குர்திஷ் பெண் தெஹ்ரானில் இறந்தார், போராட்டம் மூண்டது. அதே வாரங்களில் நமது உச்ச நீதிமன்றத்தில் கர்நாடக ஹிஜாப் தடை வழக்கு நடந்துகொண்டிருந்தது. தடையை ஆதரித்து வாதாடிய சொலிசிட்டர் ஜெனரல் ஈரானியப் பெண்களின் போராட்டத்தை எடுத்துக்காட்டினார். தெஹ்ரானில் அரசு கட்டச் சொன்னது, உடுப்பியில் அரசு அவிழ்க்கச் சொன்னது. இரண்டு ஊர்ப் பெண்களும் சொன்னது ஒன்றே. ஆனால் ஒருத்தியின் படம் இன்னொருத்திக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்துவிட்டது. எதிர்த்திசையிலும் இது நடந்தது. மாண்டியாவில் காவித் துண்டு போட்டவர்களின் கூச்சலுக்கு நடுவே தனியாகக் குரல்கொடுத்த மாணவியின் காட்சியை எடுத்து, 2022 ஏப்ரலில், அல் காய்தாவின் ஜவாஹிரி பாராட்டி வீடியோ போட்டார். பாராட்டு வேண்டாம் என்று பெண்ணின் தகப்பனார் சொல்ல வேண்டிவந்தது. வகுப்புக்குப் போகிறேன் என்பதற்கு மேல் அந்தப் பெண் எதையும் கேட்டிருக்கவில்லை.

படம் வெளியே போனதன் விலையை வீட்டில் கட்டுவது யார்? 2011 டிசம்பர் 17, கெய்ரோ தாரிர் சதுக்கம். சிப்பாய்கள் ஒரு பெண்ணைத் தரையில் இழுக்கிறார்கள். கறுப்பு அங்கி மேலே ஏறி நீல உள்ளாடை தெரிகிறது. ஒருவன் மிதிக்கக் காலை ஓங்குகிறான். ராய்ட்டர்ஸ் படம் எல்லா நாட்டிலும் வந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் கண்டித்துப் பேசினார். எகிப்தில் அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் கேட்டார்கள்: அவள் அங்கே ஏன் போனாள்? அங்கிக்கு அடியில் வேறு உடை ஏன் போடவில்லை? நாட்டின் மானத்தைக் கப்பலேற்றியது மிதித்த கால் இல்லையாம், மிதிபட்ட பெண்ணாம். நம் ஊர்த் திண்ணைகளில் கேட்டுப் பழகிய குரல்தான். அந்தப் பெண் கடைசிவரை பெயர் சொல்லி வெளியே வரவில்லை. ஆனால் மூன்றே நாளில், டிசம்பர் 20 அன்று, ஆயிரக்கணக்கான எகிப்தியப் பெண்கள் அதே படத்தைப் பெரிதாக அச்சிட்டு உயர்த்திப் பிடித்து ஊர்வலம் போனார்கள். வெளிநாட்டில் இரக்கப்படும் பொருளாக இருந்த படம், அவர்கள் கையில் ராணுவத்தின்மேல் போட்ட வழக்காக இருந்தது.

விலை தவறான ஆளிடமும் வசூலாகும். 2009 ஜூன் 20 அன்று தெஹ்ரானில் நேதா ஆகா சோல்தான் என்ற இளம்பெண் சுடப்பட்டு இறந்த காட்சி உலகெங்கும் ஓடியது. முகப்படம் தேடிய ஊடகங்கள் ஃபேஸ்புக்கில் அகப்பட்ட வேறொரு பெண்ணின் படத்தை எடுத்தன. அவர் நேதா சோல்தானி, ஆங்கில இலக்கியம் நடத்திய பல்கலைக்கழக ஆசிரியை. உயிரோடு இருந்தார். தன் முகம் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். இது நானில்லை என்று எழுதிப்பார்த்தார், எடுபடவில்லை. உளவுத்துறை அவரைப் பிடித்து, இறந்ததாகச் சொல்லப்படும் பெண் இதோ உயிரோடு இருக்கிறாள் என்று காட்டப் பார்த்தது. இரண்டு வாரத்துக்குள் நாட்டைவிட்டு ஓடி ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தார். களவுபோன முகத்தைப் பற்றி 2012இல் புத்தகம் எழுதினார். இவ்வளவும் ஒரு படத்தேடலில் முதலில் வந்த முகத்தைப் போட்ட அவசரத்தால். அப்படி முதலில் வந்ததை எடுத்துப் போட்ட இரவுகள் எனக்கும் உண்டு, அதனால் யாரையும் தனியாகக் குறைசொல்ல வாய் வரவில்லை. 2022இலும் அதே கதை. தெருவில் முடியை அள்ளிக் குதிரைவாலாகக் கட்டிக்கொண்டு போராட்டத்துக்குப் போகும் பெண்ணின் வீடியோவைச் சுட்டுக்கொல்லப்பட்ட ஹதீஸ் நஜாஃபி என்று சொல்லிப் பரப்பினார்கள். வீடியோவில் இருந்தது வேறு பெண், அவர் உயிரோடு இருந்தார்.

அந்த 2022 போராட்டத்தின் முழக்கம் ‘ஜின், ஜியான், ஆசாதி’, பெண், வாழ்வு, விடுதலை. குர்திஷ் பெண்கள் இயக்கத்திலிருந்து வந்தது. மஹ்சா அமினியை வீட்டில் கூப்பிட்ட பெயர் ஜினா, மஹ்சா பதிவேட்டுப் பெயர். குர்திஸ்தான் பக்கம் முடியை வெட்டுவது துக்கச் சடங்கு. அக்டோபரில் ஜூலியட் பினோஷ், மரியோன் கொத்தியார் முதலான பிரெஞ்சு நடிகைகள் கேமரா முன் கொத்து முடியைக் கத்தரித்தபோது அது ஆதரவாகத்தான் இருந்தது, குறைசொல்ல ஒன்றுமில்லை. குர்திஷ் என்ற சொல் மட்டும் எங்கோ நழுவிவிட்டது.

ஆனால் இந்தப் போராட்டத்தில்தான், படம் எடுக்கப்படுகிறவர்கள் பாடம் கற்றுவிட்டதையும் பார்த்தோம். வெளிநாட்டுப் படக்காரர்கள் போக வழியில்லை. செய்தி நிறுவனங்கள் மக்கள் எடுத்துப் போட்ட படங்களையே விநியோகித்தன. ஜினா இறந்த 40ஆம் நாள், அக்டோபர் 26, அவரது ஊரான சக்கெஸில் இடுகாட்டுக்குப் போகும் சாலை முழுக்கக் கார்களும் ஆட்களும். ஒரு பெண் கார் மேல் நிற்கிறார். முக்காடில்லை, முடி தோளில் விழுந்து கிடக்கிறது. நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். பள்ளி மாணவிகளும் வகுப்பறையில் அப்படியே, வரிசையாக முதுகு காட்டி எடுத்துக்கொண்டார்கள். பிடிபடாமல் இருக்கத்தான் முகத்தைத் திருப்பினார்கள். ஆனால் அதில் இன்னொன்றும் கிடைத்தது. முகம் இல்லாத படத்தில், அவர்கள் பார்க்கும் திசையில்தான் நாமும் பார்த்தாக வேண்டும். அங்கே சாலை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. கிராப் பண்ண வழியில்லை.

முழக்கத்தை வெட்ட முடியாதபடி செய்த இன்னொரு படம் மணிப்பூரில் உண்டு. தங்ஜம் மனோரமா அசாம் ரைஃபிள்ஸ் காவலில் கொல்லப்பட்ட பின், 2004 ஜூலை 15 அன்று, இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் 12 தாய்மார்கள் ஆடையில்லாமல் நின்றார்கள். உடலை மறைத்தது அவர்கள் பிடித்திருந்த பதாகை. இந்திய ராணுவமே, எங்களைக் கெடு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசலில் நின்ற சிப்பாய்க்கும் புரிய வேண்டும், உலகத்துக்கும் புரிய வேண்டும். பதாகையை வெட்டினால் படத்தை அச்சேற்ற முடியாது. எந்த உதவி ஆசிரியருக்கும் வேறு வழி வைக்கவில்லை அவர்கள். ஆகஸ்டில் இம்பால் நகர்ப் பகுதியின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளிலிருந்து ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது, நவம்பரில் அசாம் ரைஃபிள்ஸ் கோட்டையைக் காலிசெய்தது.

வெளிநாட்டுக் கேமராவே கவசமாக வந்த சந்தர்ப்பங்களும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் 1977 ஏப்ரல் 30 முதல் புவனோஸ் ஐரிஸின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். தலையில் கட்டிய வெள்ளைத் துணி முதலில் குழந்தைகளுக்குக் கட்டும் அணைத்துணி. அவ்வாண்டு டிசம்பரில் அவர்களில் முதன்மையானவரான அசுசேனா வில்லாஃப்ளோரையே கடத்திக் கொன்றார்கள். 1978 ஜூன் 1 அன்று அங்கே உலகக்கோப்பைக் கால்பந்தின் தொடக்கவிழா. எல்லாக் கேமராக்களும் மைதானத்தில் இருக்க, ஒரு டச்சுத் தொலைக்காட்சிக் குழு சதுக்கத்துக்குப் போய்த் தாய்மார்களைப் பேசவிட்டது. உள்நாட்டுப் பத்திரிகைகள் வாய்பொத்தியிருந்த நாளில் அந்தச் சில நிமிடங்கள் அவர்கள் சொன்னதை அப்படியே வெளியே கொண்டுபோயின. முகத்தோடு சேர்த்துக் குரலும் போனது என்பதே அதில் முக்கியம்.

இலங்கையின் வடக்கில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தமிழ்த் தாய்மாருக்கும் வெளிநாட்டுக் கேமரா வரும் நாள் தெரியும். 2013 நவம்பர் 15 அன்று பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் யாழ்ப்பாணம் போனபோது, பிள்ளைகளின் படங்களோடு அவர்கள் யாழ் நூலகத்தின் பக்கம் அவரது வாகனங்களை நெருங்க முண்டியடித்தார்கள். உலகம் பார்த்தது. அந்த நாட்களின் போராட்டங்களில் பலரும் அறிந்த முகமாகிவிட்ட ஒரு தாயும் அவருடைய 13 வயது மகளும், 2014 மார்ச்சில், கிளிநொச்சி மாவட்டத்தில் பிடித்துச்செல்லப்பட்டார்கள். தாய் ஓராண்டு தடுப்பில் கிடந்தார். கேமரூனோடு வந்த கேமராக்கள் அப்போது அங்கே இல்லை.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன் தொடங்கிய தொடர்போராட்டம், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. வவுனியாவில் அமெரிக்கக் கொடியையும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியையும் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் தமிழரிலும் உண்டு. எனக்கு அது அசட்டுத்தனமாகத் தெரியவில்லை. படம் எந்தக் கடைக்குப் போகிறதோ அந்தக் கடைக்காரரின் பெயரை முன்கூட்டியே எழுதிவைக்கும் பெண்கள் அவர்கள்.

அந்தப் படங்களில் ஒவ்வொரு தாயின் மடியிலும் இன்னொரு படம் இருக்கிறது. பள்ளிச் சீருடையில் ஒரு பையன், கல்யாணக் கோலத்தில் ஒரு மகள், சில வேளை அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியதால் புள்ளி புள்ளியாகச் சிதைந்த ஒரு முகம். வெயிலுக்கும் மழைக்கும் பயந்து லேமினேட் செய்திருப்பார்கள். பளபளக்கும் அந்தத் தாளில் வெளிச்சம் பட்டால் முகம் தெரியாது, வெறும் வெள்ளையாகப் போய்விடும். அதனால் கேமரா பக்கத்தில் வந்ததும் அந்த அம்மாக்கள் படத்தைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்க்கிறார்கள், வெயில் விழாத கோணம் வரும்வரை.